தா, கொடு, குரேரு

ஜனவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. உன் அண்ணனின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நன்றாகவே இருக்கிறது. அங்கே உன் தொண்டை ஆபரேஷன் புண் ஆறிவருகிறதா? டாக்டர் சொன்னபடி வாயைத் திறக்காமல் இருக்கிறாயா? உன் அண்ணனுக்கு நம்பிக்கை இல்லை. "பொறந்ததுலேருந்து அவ வாய் மூடி நான் பாத்ததில்ல" என்கிறார்.

போனில் கூப்பிட்டால் நான் மட்டும் ரேடியோ மாதிரி பேசிக்கொண்டிருக்க வேண்டும். செல்போனில் தட்டித் தட்டி எழுத என் கட்டைவிரலுக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் காகிதமும் பேனாவும்.

எனக்கு உன்னிடம் ஓர் உதவி ஆக வேண்டும். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பதினோராம் அறைக்கு ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். இயந்திரம் பூட்ட வந்து இங்கேயே தங்கிவிட்ட ஜப்பானியர். பக்கவாதம் வந்ததில் இந்த ஊர்ப் பேச்சு மொத்தமும் மறந்துபோய், தாய்மொழி மட்டும் மிச்சமிருக்கிறது. அதுவும் குழறுகிறது. அவர் சொல்வது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் சொல்வது அவருக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுகிறார். "இப்பிடியே போனா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்குல குழாய் போட வேண்டியதுதான்" என்கிறார் மேட்ரனம்மா.

வீட்டில் ஜப்பானிய மொழி டீச்சரை வைத்துக்கொண்டு நான் ஏன் கையைப் பிசைய வேண்டும்? "தண்ணீர் வேண்டுமா" என்று எப்படிக் கேட்பது? தமிழ் எழுத்திலேயே எழுது. அவர்களுடைய எழுத்தைப் பார்த்தால் எனக்குக் கட்டட வரைபடம் போலத்தான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கஷாயம் அது இது என்று யாராவது சொன்னால் கேட்காதே.

உன் அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் பல நாள் கழித்துச் சிரித்தேன். சத்தமில்லாமல்தான். வலி குறைந்திருக்கிறது. பேச இன்னும் அனுமதி இல்லை. கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நடமாடுகிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து முதல்முறையாக உங்கள் மாப்பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்தார். முடித்துவிட்டு, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார்.

பயிற்சி நிலையத்தில் ஜூலையில் புது வகுப்பு தொடங்குகிறது. அதுவரை என் இடத்துக்கு வேறு ஆள் போடுவதில்லை என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.

இனி பாடம். பயப்படாதீர்கள். நம்மைப் போலவே அவர்களுக்கும் வினை கடைசியில்தான் வரும். நாம் கேள்விக்கு 'ஆ' சேர்ப்பதுபோல் அவர்கள் வாக்கியத்தின் கடைசியில் 'கா' சேர்ப்பார்கள். தண்ணீர் என்பது 'மிஸு'. "மிஸு, நோமிமாஸ் கா?" என்றால் "தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று அர்த்தம்.

குடுவையைக் காட்டி மூடியைத் திறக்கட்டுமா என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் எதையும் வாயருகே கொண்டுபோகாதீர்கள். ஒருவேளை அவருடைய கோபமே அதுதானோ என்னவோ. மூடி என்பது 'ஃபுத்தா'. "ஃபுத்தா, அகேமாஷோ கா?" அந்த முதல் எழுத்தை ஊதுவதுபோல் சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள்.

அண்ணன் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 28

என் டீச்சரம்மாவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே சிலேட்டுக்குப் பல்பம் தீர்ந்துபோயிருக்குமே!

நடந்ததைக் கேள். குடுவையைத் தூக்கிக்கொண்டு பதினோராம் அறைக்குப் போனேன். வாசலிலேயே மனப்பாடம் செய்துகொண்டு, உள்ளே போய்க் கும்பிடாத குறையாக நின்று, "புத்தா, அகேமாஷோ கா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். குடுவையைப் பார்த்தார். "புத்தா?" என்றார். நானும் விடாமல், "புத்தா, புத்தா" என்று குடுவையின் தலையில் தட்டிக் காட்டினேன்.

மனிதர் சிரித்தார் பார். கோணிய வாயோடு, கண்ணில் நீர் வர, கட்டில் ஆடும்படி சிரித்தார். மேட்ரனம்மா ஓடிவந்து ஏதோ வலிப்பு என்று நினைத்துவிட்டார். சிரித்து ஓய்ந்ததும் கையை மூக்கில் வைத்து உறுமிக் காட்டினார். பன்றியாம்! "பன்றியைத் திறக்கட்டுமா" என்றுதான் நான் கேட்டிருக்கிறேன்.

நீ எழுதிய சொல்லுக்கு முன்னால் மூன்று புள்ளி இருந்ததே, அதை உன் பேனா கசிந்தது என்று நினைத்துவிட்டேன். ஆய்த எழுத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவளுக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கும்?

ஆனால் அதற்கப்புறம் அவரே குடுவையை நீட்டச் சொல்லிக் கை காட்டி, முழுசாக ஒரு தம்ளர் குடித்தார். சின்னவளே, நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த ஒரு தம்ளருக்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்வது?

டாக்டரிடம் எப்போது போகிறாய்? குரல் எப்படி இருக்கிறது?

அண்ணி


பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சுகம்தானே? இங்கே உங்கள் கடிதத்தை நானும் மாப்பிள்ளையும் மாறி மாறிப் படித்தோம். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

தப்பு உங்கள்மேல் இல்லை, நம் எழுத்தின்மேல். நமக்கு 'ப' ஒன்றுதான். பல்லுக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் அதுதான். எங்கே அழுத்த வேண்டும், எங்கே மெலிக்க வேண்டும் என்று நாமே இடம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறோம். அவர்களுக்கோ அதெல்லாம் தனித்தனி. ஊதினால் மூடி, பஸ்ஸின் 'ப' போட்டால் பன்றி. வகுப்பில் முதல் வாரம் முழுக்க இதற்கே போகும். ஒவ்வொருவரையும் உதட்டைப் பார்த்துச் சொல்ல வைப்பேன்.

அவர் உங்களைத் திருத்தினால் திருத்தியபடியே சொல்லிப் பழகுங்கள். இத்துடன் வலி, குளிர், போதும், மெதுவாக, எழுந்திருங்கள் ஆகியவற்றுக்கான சொற்களைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். புள்ளியெல்லாம் புள்ளிதான், மை இல்லை.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 26

அன்பான சின்னவளுக்கு,

நாங்கள் நலமே. நீ நலமா என்பதைத்தான் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீ 'ப'வைப் பற்றி எழுதுகிறாய், 'கா'வைப் பற்றி எழுதுகிறாய், குரலைப் பற்றி ஒரு வரி இல்லை. மருத்துவ வேலை பார்ப்பவளை ஏமாற்ற முடியாது. டாக்டர் பேசச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும்.

பொறியாளர் இப்போது குடிக்கிறார், சாப்பிடுகிறார், குழாய்ப் பேச்சு போயே போய்விட்டது. நான் தினமும் வேலை முடியும் நேரத்தில் அவர் அறையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஜன்னல், நாற்காலி, செருப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லித் தருகிறார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருப்பதால் பாதி எழுத்து காற்றாகப் போகிறது. அவருக்கு அதில் கூச்சம். ஒருநாள் சொல்லிக்கொண்டே வந்தவர் கையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அவர் சொல்வது புரிகிறது, அது போதாதா? கையை எடுத்துவிட்டு "இன்னொரு தடவை" என்றேன். சொன்னார்.

உன் அண்ணன் கிண்டல் செய்கிறார். "அங்க ஒருத்தி பேசாம இருக்கா, இங்க ஒருத்தி புரியாம பேசறா. நல்ல குடும்பம்" என்கிறார்.

பொறியாளர் நடைப்பயிற்சிக்குச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு என் வாயால் நன்றி சொல்ல வேண்டும். 'அரிகாத்தோ' எனக்கே தெரியும். அதைவிட உள்ளேயிருந்து வருகிற மாதிரி ஏதாவது இருந்தால் எழுது.

உன் அண்ணி


மார்ச் 31

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லையே என்று கவலைப்பட்டிருப்பீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளையும் சுகம்.

நீங்கள் சொன்னது சரிதான். டாக்டர் பேசச் சொல்லி வெகு நாளாகிவிட்டது. பயிற்சியும் கொடுத்தார். இந்த மாதத் தொடக்கத்தில் பயிற்சி நிலையத்துக்குப் போய், காலியாக இருந்த வகுப்பறையில் நின்று அகரவரிசையைச் சொல்லிப் பார்த்தேன். துருப்பிடித்த கதவை இழுத்து மூடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை, வெறும் காற்று. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்காது. எந்த எழுத்தை ஊத வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று இந்தக் குரலை வைத்துக்கொண்டு யாருக்கு நான் சொல்லித் தருவது? அலமாரியிலிருந்த என் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "ஜூலை வரைக்கும் பாக்கலாமே" என்றார் இயக்குநர். ஆள் போட்டுவிடுங்கள் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

நீங்கள் வருத்தப்படக் கூடாது. பொறியாளருக்குத் தேவைப்படும்வரை உங்களுக்கு எழுதுவேன். இப்போது எனக்கு மிச்சமிருக்கும் வகுப்பு அவர் ஒருவர்தான்.

நீங்கள் கேட்ட நன்றி இதோ. நம் பழைய தமிழில் என்னிடம் வருவதற்குத் 'தா', அடுத்தவரிடம் போவதற்குக் 'கொடு' என்று ஒரு பேதம் உண்டு. பேச்சில் நாம் 'கொடு' ஒன்றையே எல்லாவற்றுக்கும் ஓட்டிவிடுகிறோம். அவர்கள் விடவில்லை. என்னிடமிருந்து வெளியே போனால் 'அகேரு' (மூடி திறக்கும் 'அகே' வேறு, இதில் 'க' மெலிந்து வரும்). யாராவது எனக்குத் தந்தால் 'குரேரு'. பொருளுக்கு மட்டுமில்லை, செயலுக்கும்தான். ஒருவர் எனக்காகக் கதவைத் திறந்தால், 'திறந்தார்' என்று சொல்லி நிறுத்துவது மொட்டையாக இருக்கும். 'திறந்து குரேத்தா' என்பார்கள். எனக்காகத் திறந்தார், அது எனக்குக் கிடைத்தது என்று பொருள். நன்றியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வினையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 20

அன்பான டீச்சரம்மாவுக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். உன் கடிதத்தைப் படித்து உன் அண்ணன் வெளியே போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். அவர் கிண்டல் செய்யாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

வகுப்பை நிறுத்திவிடாதே. பொறியாளருக்கு இன்னும் நிறையத் தேவைப்படுகிறது. இப்போதெல்லாம் அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், பாதி எனக்குப் புரிவதில்லை. வானிலை பற்றி, பஸ் பற்றி, முழங்கால் வலி பற்றியெல்லாம் பேச எழுதி அனுப்பு. சின்னச் சின்னதாக எழுதாதே, நீளமாக அனுப்பு. அவருக்கு நீளமாகப் பேசினால்தான் பிடிக்கிறது.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இல்லத்தில் வேலை கூடுதல்.

அண்ணி


மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

வேலை கூடுதல் என்கிறீர்கள், உடம்பு தாங்குகிறதா? நான் நலம்.

இத்துடன் நான்கு பக்க உரையாடல் இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் எழுதியிருக்கிறேன். வகுப்புக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. அவர் காதில் எப்படி விழும் என்று தெரிந்துகொள்ள, எழுதுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். வீட்டில் யாரும் இல்லாதபோதுதான். கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் வரி நீளமா குட்டையா என்பதாவது தெரிகிறது.

அவர் என்ன இயந்திரம் பூட்டினார் என்று கேளுங்கள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே, அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். ஒரு ஜப்பானியர் பேசியதைப் பார்த்து எத்தனை நாளாகிறது!

உங்கள் நாத்தனார்


மே 23

அன்பான சின்னவளுக்கு,

நாங்கள் நலம். நீ வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதாக எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொடர்ந்து சொல்லு.

நீ கேட்டபடி பொறியாளரிடம் பேசினேன். அவர் சொன்னதை உன்னைப் போலவே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். பெரிய இயந்திரம் பூட்டினாராம். மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கிறதாம், மாடி ஏறும்போது "அம்மாடி" என்றிருக்கிறதாம். மகள் ரொம்ப நல்லவளாம். போன வருஷம் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தாளாம்: "முஸுமே கா வதாஷி நி தொகேய் ஓ அகேமாஷிதா."

எப்படி? ஒரு புள்ளி விடவில்லை பார்த்தாயா? அடுத்த பாடத்தைச் சீக்கிரம் அனுப்பு. அவர் காத்திருக்கிறார்.

உன் அண்ணி


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த முறை நலத்தைப் போனிலேயே விசாரித்துவிட்டேன், உங்களுடையதை இல்லை என்றாலும். சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் பொறியாளரின் மகள் கடிகாரம் கொடுக்கும் வாக்கியத்தைப் படித்ததும் வழக்கம்போல் சிவப்புப் பேனாவை எடுத்து 'அகேமாஷிதா'வை அடித்து 'குரேமாஷிதா' என்று போட்டேன். போட்ட பிறகுதான் கை நின்றது. நான் யாரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்? தனக்கு வந்ததைப் போனதாக ஒரு ஜப்பானியர் தூக்கத்தில்கூடச் சொல்லமாட்டார். பக்கவாதத்தால் இருக்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மற்ற வரிகளைப் படித்தேன். ஒவ்வொன்றும் நான் எழுதி அனுப்பிய வாக்கியத்தின் அச்சு. போதாததற்கு, பொறியாளருக்கு என் அண்ணனின் முழங்கால் வந்திருக்கிறது!

'கொடு' ஒன்றையே எல்லாவற்றுக்கும் ஓட்டுவது நம் ஆட்கள் செய்யும் தப்பு. அந்தக் கடிதத்தில் ஜப்பானியர் யாரும் இல்லை. நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள்.

பொறியாளருக்கு ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். யோசிக்காமல் இல்லத்துக்குப் போன் போட்டேன். மேட்ரனம்மா எடுத்தார். "யாருங்க? ஒண்ணும் கேக்கல, சத்தமாப் பேசுங்க" என்றார். மறுபடி சொன்னேன். "கேக்கலைங்க!" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, "பதினோராம் ரூம் பொறியாளர் எப்பிடி இருக்காரு?" என்று கத்தினேன், அண்ணி. கதவு இழுக்கும் சத்தம்தான். ஆனால் கத்தினேன்.

"அவரா? ஏப்ரல் ஆரம்பத்துலயே மக வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே. வாக்கரப் பிடிச்சுக்கிட்டு நடந்தே கார்ல ஏறுனாரு" என்றார்.

போனை வைத்தேன். மாப்பிள்ளை ஓடிவந்து, "யார்கூட சண்டை?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். பொறியாளர் நடந்து போன சந்தோஷம் பாதி. இரண்டு மாதமாகப் பேச ஆளே இல்லாத ஒரு மொழியை, நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, நீங்கள் உட்கார்ந்து படித்திருக்கிறீர்களே என்பது மீதி.

உங்கள் நாத்தனார்


ஜூன் 14

என் சின்னவளுக்கு,

பிடிபட்டேன். உன் அண்ணன், "நான் அப்பவே சொன்னேன், முழங்கால எழுதாதேன்னு" என்கிறார். அவர் எங்கே சொன்னார்? இருவரும் நலமாகத்தான் இருக்கிறோம், சண்டையும் போட்டுக்கொள்கிறோம்.

அவர் மகள் வந்த வாரமும் உன் மார்ச் மாதக் கடிதம் வந்த வாரமும் ஒன்று. அவருக்குத் தேவைப்படும்வரை எழுதுவேன் என்றிருந்தாய். அவர் போய்விட்டார் என்று நான் எழுதினால் நீ பேனாவையும் மூடிவைத்துவிடுவாய். அதனால் அவரை நான் போகவிடவில்லை, அவ்வளவுதான். அதற்காக என்னைப் பெரிய தியாகியாக ஆக்காதே. எனக்கு உன் பஸ் உரையாடல் நிஜமாகவே பிடித்திருந்தது.

அவர் போன கதையைச் சொல்லாமல் வயிறு உப்பிக் கிடந்தேன். காரில் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டார். என் கையிலிருந்த குடுவையின் மூடியைத் தொட்டு, ரொம்ப மரியாதையாக, "புத்தா" என்றார். மகள் திகைத்துப் போய்விட்டாள். அப்புறம் அவளிடம் குழறிக் குழறி நீளமாக ஏதோ சொன்னார். எனக்குக் கடைசிச் சொல் மட்டும் பிடிபட்டது. குரேத்தா. அது போதும் எனக்கு.

உன் நன்றியும் அதில் இருக்கிறது. அந்தத் தண்ணீரை நீதான் கொடுத்தாய். இல்லை, தந்தாய். எது சரியோ நீயே போட்டுக்கொள்.

இப்போது நேராகக் கேட்கிறேன். மேட்ரனம்மாவுக்குக் கேட்ட குரல் ஒரு வகுப்பறைக்குக் கேட்காதா? ஜூலையில் போ. போகாவிட்டால் நான் அங்கே வந்து, உன் மாணவி என்று எல்லாரிடமும் சொல்லி, ஜப்பானிய மொழி பேசுவேன். அந்த அவமானம் உனக்குத் தேவையா?

அண்ணி


ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இருவருக்கும் முழங்கால் உட்பட எல்லா நலமும் உண்டாகட்டும்.

இயக்குநரிடம் போய் வாயால் கேட்டேன். ஆளே போடவில்லையாம். "நீங்க சிலேட்டுல எழுதுனதைத்தான் நான் சரியாப் படிக்கலையே" என்றார். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள், அண்ணி.

புது வகுப்பு தொடங்கிவிட்டது. மெக்கானிக், நர்ஸ், கணக்காளர் என்று எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். குரல் அதே துருக்குரல்தான். முதல் நாள், "கேக்கலை மேடம்" என்று பின்னாலிருந்து சொன்னார்கள். மேடையை விட்டு இறங்கி பெஞ்சுகளுக்கு நடுவே போய் நின்று இன்னொரு தடவை சொன்னேன். இப்போது வகுப்பு முழுக்க நடந்துகொண்டேதான் நடத்துகிறேன். நான் காற்றாக விடுகிற எழுத்தைப் பிடிக்க எல்லாரும் என் உதட்டையே பார்க்கிறார்கள். முன்பு கெஞ்சினால்கூடப் பார்க்கமாட்டார்கள்.

குரேருவை இரண்டாவது மாதத்தில்தான் எடுப்பது வழக்கம். என்னால் காத்திருக்க முடியவில்லை. நேற்றே பலகையில் ஓர் உதாரணம் எழுதினேன்.

"அண்ணி கா நிஹோங்கோ ஓ நராத்தே குரேமாஷிதா."

'நராத்தே' என்றால் கற்று. நடுவில் வரும் 'கா' கேள்வி இல்லை, செய்தவரைக் காட்டுவது. அண்ணி ஜப்பானிய மொழியைக் கற்றார், அதை எனக்காகச் செய்தார், அது எனக்குக் கிடைத்தது. அவர்கள் மொழியில் இதுதான் பொருள் என்றேன்.

பின்வரிசையில் ஒரு மெக்கானிக். சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். "மேடம், நராத்தேன்னா கற்று, குரேமாஷிதான்னா தந்தாங்க. அப்ப, 'அண்ணி கற்றுத் தந்தாங்க'ன்னு வருதே. அவங்க கத்துக்கிட்டாங்களா, உங்களுக்குக் கத்துக் குடுத்தாங்களா?"

இத்தனை வருஷம் இந்த மொழியை நடத்துகிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை.

"ரெண்டும்தான்" என்றேன். நின்ற இடத்திலிருந்தே சொன்னேன், பின்வரிசைக்குக் கேட்டது.

என்றும் உங்கள் மாணவி,
நாத்தனார்